பழைய பேட்டின் மேல் புதியது

சீட் கவர் தைக்கும் கடையில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். கண்ணால் அளந்து வெட்டினாலும் நூல் பிசகாது. கணவர் போன பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடைதான். இருக்கைக்கு உறை, கதவுக்கு ரெக்சின், என்ஜின் இரைச்சலைத் தடுக்கும் பேட் எல்லாம் அவள் கைவேலை. அதில் யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் தலைக்கனம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

அவள் தம்பி வாடகைக் கார் ஓட்டினான். பதினெட்டு வயதான சொந்த வண்டி. என்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் ஒட்டியிருந்த பேட் நைந்து, கறுப்புப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏறுறவங்க எல்லாம் மில்லுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்குங்கறாங்கக்கா. மாத்திக் குடு."

"முறையா மாத்தணும்னா குழாய், வயரு எல்லாம் கழட்டணும். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போ."

"ரெண்டு நாளா? மத்தியானம் ஏர்போர்ட் சவாரி இருக்கு. உனக்குத் தெரியாத சுருக்கு வழியா?"

சுருக்கு வழி இருந்தது. புதுப் பேட்டை இரண்டாக வெட்டி, எதையும் கழற்றாமல் இரு பக்கமிருந்தும் சொருகி, நடுவில் வெள்ளி டேப் ஒட்டிவிடலாம். அதில் தப்பில்லை. பல வண்டிகளுக்கு அப்படிச் செய்திருக்கிறாள். ஆனால் பழையதை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

மேல்பாதி சுலபமாக வந்துவிட்டது. கீழே, விரல் நுனி மட்டுமே எட்டும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பேட் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்திப் பார்த்தாள். எண்ணெய் கசிந்து நகக்கண்ணில் ஏறியது. என்ஜினிலிருந்து ஒழுகியதை வருடக்கணக்காகக் குடித்து ஊறியிருந்தது. தம்பி வாசலில் மணி பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதன் மேலேயே புதியதை ஒட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து, மேடு ஏறும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. சவாரிக்கு ஏறியிருந்த கணவனும் மனைவியும் இறங்கி ஓடிவிட்டார்கள். தம்பியும் ஓடியிருக்கலாம். சோறு போடும் வண்டியாயிற்றே என்று பானெட்டைத் தூக்கினான். தீ அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது.

பழி எலக்ட்ரீஷியன் தலையில் விழுந்தது. பக்கத்துத் தெருக்காரர், இரண்டு வாரம் முன்புதான் அந்த வண்டிக்குப் புது ஹாரன் மாட்டியிருந்தார். தம்பி மனைவி அவர் கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாளே மூன்று பேர் தங்கள் வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஃப்யூஸ் வச்சுத்தான் மாட்டினேன். என்னைத் தெரியாதாக்கா உங்களுக்கு?" என்று அவர் கத்திரி அக்காவிடம் வந்து கேட்டார். அவள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

நான்காம் நாள், எரிந்த வண்டி நின்ற இடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தாள். ஹாரன் வயர் புகை படிந்திருந்தாலும் முழுசாக இருந்தது. தகரச் சுவரின் கீழ்ப்பக்கம், அவள் விட்டுவைத்த அந்த ஒரு சாண் இடம்தான் வெளுத்துப்போகுமளவு வெந்திருந்தது. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி கட்டுப் போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். அவன் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தீ வயர்ல பிடிக்கல. அடியில பழைய பேட்டு எண்ணெய் ஊறிக் கிடந்துச்சு. அதுக்கு மேலேயே ஒட்டினேன்."

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியாம ஒட்டினீங்களா?"

"தெரிஞ்சுதான்."

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி, குரலை உயர்த்தாமல்.

எலக்ட்ரீஷியனிடமும் போய்ச் சொன்னாள். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றார். போன வாடிக்கையில் பாதிதான் அவருக்குத் திரும்பி வந்தது.

தம்பியின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வரவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. அதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பதினோரு மாதம் கழித்து ஒரு காலையில் அவன் கடைக்குள் வந்தான். முழுக்கைச் சட்டை, கைப்பட்டன் இரண்டும் திறந்து தொங்கின.

"இதை மாட்டி விடுக்கா. அவ ஆறு மணிக்கே வேலைக்குப் போயிட்டா. எனக்கு வர மாட்டேங்குது."

அவள் எழுந்து வந்து மாட்டினாள். தழும்பைத் தொடாமல் மாட்டப் பார்த்தாள், முடியவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. அங்க எதுவும் தெரியாது," என்று சொல்லி மற்ற கையை நீட்டினான்.