பொத்தானைப் போட்டுக் காட்டு

அந்த நர்ஸுக்கு வீட்டில் வைத்த பேர் போலீஸ்காரி. பெரியத்தை, பெரியத்தை மகள், இவள் மூவருக்கும் ஒரே ரத்தம்; வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வந்தவர் எங்கே சுற்றிவிட்டு வருகிறார் என்று சொல்லிவிடுவார்கள். பதினெட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவள், தம்பி லாரி ஓட்டுகிற சுரங்கத்துக்கே நர்ஸாகப் போக ஆசைப்பட்டு அதற்கான பயிற்சியில் சேர்ந்தாள். வாரம் ஒரு சின்ன விமானம் மட்டும் போகிற இடம் அது.

பயிற்சி ஒரு தகரக் கொட்டகையில். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் அடிபட்டவராக நடித்தார்.

"எங்க வலிக்குது?" என்று பயிற்சிக்கு வந்த ஒருத்தி கேட்டாள்.

"வலியா? தண்ணி குடிக்க வந்தேன் தாயி!"

எல்லோரும் சிரித்து விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. "அப்புறம் ஏன் டம்ளரை இடது கையால எடுக்கிறீங்க?"

பயிற்சி கொடுத்த ஆம்புலன்ஸ்காரர் தலையாட்டினார். "பிடிச்சிட்டீங்க. அங்க 'விபத்தில்லா நாள்'னு ஒரு பலகை இருக்கும். ஒருத்தன் அடிபட்டான்னு எழுதினா மறுபடி சைபர். அதனால எலும்பு ஒடிஞ்சவன்கூட பல்லைக் காட்டிக்கிட்டுத்தான் வருவான். வாய்ப்பேச்சை நம்பாதீங்க."

அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். மார்புக்கு மேலே மட்டும் தெரிந்தது; கை தெரியவில்லை. சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் திறந்து கிடந்தன. அவளுக்கு உறுத்தியது.

"பொத்தானைப் போட்டுக் காட்டு."

"நான் என்ன எல்கேஜியாக்கா?"

"வலது கையால."

அவன் முழித்தான். பிறகு கையைக் காட்டினான். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கல் விழுந்து மூன்று நாள்.

"இன்னும் ரெண்டு நாள்க்கா. பலகையில நானூறு ஆயிட்டா எல்லாருக்கும் லீவு. ஒருத்தனுக்குக் குழந்தை பொறந்து இன்னும் மூஞ்சியே பார்க்கல. என்னால கெடணுமா?"

"நகத்தை அழுத்திட்டு விடு."

வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. வெகுநேரம் கழித்தே லேசாகச் சிவந்தது; விரலுக்கு ரத்தம் சரியாக ஓடவில்லை.

"நீ போட்டுக் குடுத்தா ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்!"

அவள் போனை வைத்தாள். அடுத்த நிமிஷமே சுரங்கத்து மருத்துவ அறைக்குப் பேசினாள். அந்த வார விமானத்தில் அவனை ஏற்றினார்கள். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பலகை சைபருக்குப் போனது. தம்பியின் போனும் ஓய்ந்தது.

மூன்று மாதம் கழித்து அவள் அங்கே வேலைக்குப் போய் இறங்கியபோது பலகையில் எண்பத்தெட்டு. அதைத் தாண்டி நடந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற சேதி அவளுக்கு முன்னால் வந்திருந்தது.

தம்பி மட்டும் வந்து, பேசாமல் அவள் பெட்டியை இடது கையால் தூக்கினான்.

அவள் அசையாமல் நின்றாள். "கை மாத்து, பார்க்கலாம்."

"பேசக்கூடாதுன்னு இருந்தேன். பேச வெச்சிட்டியே, போலீஸ்காரி!" என்று கத்திக்கொண்டே பெட்டியை வலது கைக்கு மாற்றினான். அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.