இடது ஸ்பீக்கரின் பின்பக்கம்

என் அக்காவைக் கட்டியவர் லிஃப்ட் மெக்கானிக். என் தங்கையைக் கட்டியவர் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். முதலாமவரை நான் அத்தான் என்பேன், இரண்டாமவரை மாப்பிள்ளை என்பேன். இது அத்தானின் கதை. மாப்பிள்ளை பாவம், அதில் வந்து மாட்டிக்கொண்டவர்.

அத்தானுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வேலையில் புலி. நின்று நின்று ஓடும் லிஃப்டின் கதவில் காதை வைத்துவிட்டு, "மூணாவது மாடிக்கு மேல கம்பி உரசுது" என்பார். ஏறிப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஆனால் சகலை வீட்டில் ஒரு நல்லது நடந்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளையின் மகள் பத்து மாதத்தில் நடந்தபோது, "இவ்வளவு சீக்கிரம் நடந்தா கால் வளைஞ்சுடும்" என்றார். மாப்பிள்ளை புதுக் குடை வாங்கியபோது, "இந்த வருஷம் மழையே இல்லையாமே" என்றார். எங்கள் அம்மா சொல்வாள்: "மூத்த மாப்பிள்ளைக்குப் பசி வயித்துல இல்லடா, கண்ணுல."

இப்படிப்பட்டவர் கண்ணில் மாப்பிள்ளையின் ஸ்டீரியோ வந்து விழுந்தது. முழங்கால் உயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயர் பழசுதான், யாரிடமோ வாங்கியது. ஆனாலும் பாட்டு போட்டால் பாடுகிறவர் அறை நடுவில் வந்து நிற்பார். பேஸ் என்கிறார்களே, அந்தக் கீழ்ச்சத்தம், அது நெஞ்சில் வந்து மெத்தென்று இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் குடும்பம் மொத்தமும் அங்கேதான். அத்தான் வீட்டிலும் பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதைப் பற்றி அக்காவே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள்: "இங்க கேட்டா பாடறவர் பக்கத்துல நின்னு பாடறாரு. நம்ம வீட்டுல அவரு குளியலறைக்குள்ள தாழ் போட்டுக்கிட்டுப் பாடறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அத்தானின் வயிற்றில் நெருப்பை வைத்தது.

அன்று சாப்பாட்டுக்குக் கை கழுவ எல்லாரும் எழுந்து போனார்கள். அறையில் அத்தான் மட்டும் இருந்தார். இடது ஸ்பீக்கரின் பின்னால் குனிந்தார். அங்கே சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு திருகு. லிஃப்ட் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றி மாட்டினால், மேலே போகவேண்டிய பெட்டி கீழே போகும். ஸ்பீக்கரிலும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான். ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிவிட்டால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். எதுவும் கெடாது, பாட்டும் நிற்காது. ஆனால் ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். அத்தான் திருகைத் தளர்த்தி, ஒயரை மாற்றி, திரும்ப முடுக்கினார். அரை நிமிஷ வேலை.

நிமிர்ந்தால் வாசலில் என் தங்கை.

"என்ன அத்தான் தேடறீங்க?"

"மூக்குக் கண்ணாடி விழுந்துடுச்சும்மா."

கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. தங்கை சிரித்துக்கொண்டே, "கிடைச்சிடுச்சு, வாங்க சாப்பிட" என்றாள்.

அடுத்த ஞாயிறு பாட்டு போட்டார்கள். சவசவவென்று இருந்தது. பாடுகிறவர் நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை, எங்கேயோ தொலைந்துபோயிருந்தார். நெஞ்சில் இடிக்கிற சத்தம் போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை இந்தப் பொத்தானைத் திருகினார், அந்தப் பொத்தானைத் திருகினார். அத்தான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பழைய சரக்குன்னா அப்படித்தான் சகலை" என்றார். அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அத்தானின் வார்த்தையை மாப்பிள்ளை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பழைய ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைவிட இரண்டு மடங்கு சக்தியில் புத்தம் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு ஆள் தூக்க முடியாத கனம். முகப்பில் இரண்டு வட்டக் கண்ணாடி, உள்ளே முள் ஆடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த அத்தானால், நானே இதை வாங்க வைத்தேனே என்று தலையில் அடித்துக்கொள்ளவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

ஒரே ஆறுதல், புதிய ஆம்ப்ளிஃபயரிலும் பாட்டு சவசவவென்றே இருந்தது. மாப்பிள்ளை ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஒயர்களை நிறம் பார்த்துச் சரியாகத்தான் மாட்டினார். ஸ்பீக்கரின் பின்பக்கம் போக அவருக்கு ஏன் தோன்றும்?

ஆம்ப்ளிஃபயர் புதுசு. ஸ்பீக்கர் இரண்டிலும் சத்தம் வருகிறது. எங்களைக் கேட்டால், "பாட்டு வருதே, அதுக்கென்ன?" என்போம். அப்படியானால் கெட்டது எது? இருபத்திரண்டு வருஷம் மெஷின் இரைச்சலில் நின்ற தன் காதுதான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

அதைத் தங்கையும் நம்பிவிட்டாள். அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தாள். கத்தக் கத்த, அவருக்கும் கேட்காததுபோலவே ஆகிவிட்டது. ஒன்றைச் சொன்னால், "என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஆறாவது வாரம் அவரே அத்தானுக்குச் சொல்லி அனுப்பினார். அத்தான் போனார்.

"சகலை, செட்டை நீங்க எடுத்துட்டுப் போங்க. புதுசு, ஸ்பீக்கர், எல்லாத்தையும்."

"என்ன சகலை திடீர்னு?"

"செவிடனுக்கு எதுக்கு ஸ்டீரியோ? உங்களுக்குத்தான் நல்ல காது. வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல."

அத்தான் மனசுக்குள் கணக்குப் போட்டார். கேட்காமலே பழம் மடியில் விழுகிறது. எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஒயரை நேராக மாட்டினால், மறு ஞாயிறு மொத்தக் குடும்பமும் அவர் வீட்டில். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஒயரைக் கழற்ற அவர் குனிந்தபோது மாப்பிள்ளை பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "பாட்டு போனாப் போகுது சகலை. மெஷின் சத்தத்தை வச்சே எந்த உருளை தேயுதுன்னு சொல்லுவேன். இப்ப பக்கத்துல நிக்கிறவனைக் கேக்கறேன், 'சரியா ஓடுதா'ன்னு. அவன் சிரிக்கிறான்."

அத்தான் அப்படியே குனிந்திருந்தார். லிஃப்ட் கதவில் காதை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் 'உரசுதா' என்று கேட்டு நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்திருக்கிறார். பல வருஷம் கழித்து முடிவெட்டும் கடையில் காத்திருக்கும்போது அவரே என்னிடம் சொன்னது இது. "பாட்டைத் திருடலாம் மச்சான். ஒருத்தன் காதைத் திருடக் கூடாது."

"ஒரு நிமிஷம் சகலை, இங்க ஏதோ மாறியிருக்கு" என்று சிவப்பையும் கறுப்பையும் அதனதன் இடத்தில் மாட்டினார். "இப்பப் போடுங்க."

போட்டார். முள் இரண்டும் துள்ளின. பாடுகிறவர் வந்து அறை நடுவில் நின்றார். அந்தக் கீழ்ச்சத்தம் இருக்கிறதே, பழையதைப் போல இரண்டு பங்கு, ஜன்னல் கதவு அதிர்ந்தது. மாப்பிள்ளை இரண்டு காதையும் கையால் பொத்தினார், எடுத்தார், பொத்தினார், எடுத்தார்.

"கேக்குது! ஏய், இங்க வாயேன், எனக்குக் கேக்குது!"

"கத்தாதீங்க, எனக்கும் கேக்குது" என்று சமையலறையிலிருந்து வந்தாள் தங்கை. விஷயத்தைக் கேட்டாள். "யாரு மாத்தினது? நான் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட விட்டதில்லையே" என்றவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அத்தானின் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போடவில்லை.

மாப்பிள்ளைக்கு எதுவும் உறைக்கவில்லை. அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "காதைத் திருப்பிக் கொடுத்தீங்க சகலை" என்று சொல்லி, பழைய ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

அத்தான் அதைத் தன் வீட்டில் மாட்டினார். பாட்டு நன்றாகவே வந்தது. பாடுகிறவர் குளியலறையை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

என் தங்கை மட்டும் அன்றே ஒரு வேலை செய்தாள். இனி யாரும் பின்னால் குனிய முடியாதபடி ஸ்பீக்கர் இரண்டையும் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்தாள். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடுமாம். மறு ஞாயிறு போய்க் கேட்டுவிட்டு வந்த அத்தான், அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.