ஆரோக்கியம் மாமாவின் வண்டி மூச்சு வாங்கிய சத்தம்

ஆரோக்கியம் மாமா இறந்துவிட்டார் என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து, கோயில் உபதேசியாரின் இடது கால் செருப்பை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதுதான் கோட்டயத்து ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் போன் வந்தது. "ஜெனி, தம்பி போயிட்டான் பிள்ள." அவ்வளவுதான். வெளியே வந்து சொன்னேன். "சாவுலயுமா வெளயாடுவ?" என்று உபதேசியார் ஒற்றைச் செருப்போடு நின்று கையை ஓங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கையை இறக்கி, அதாலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமாவின் ஜீப்பில் ஏறியவர்களுக்கும் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மாவின் தம்பி. கேரளத்து மலையில், சித்திரபுரத்தில் ஜீப் டிரைவர். சுற்றுலா வந்தவர்களை மேட்டுக்கு ஏற்றிச் சென்று, மூடுபனியைக் காட்டி, "இதுக்குப் பின்னாடிதான் மலை இருக்கு, நம்புங்க" என்று சொல்லித் திரும்பக் கூட்டி வருபவர். ஜீப் பிழைப்புக்கு, ஆசைக்கு ஒரு சிவப்பு டர்போ கார், பல கை மாறி வந்தது. பெயர்தான் ஆரோக்கியம், இதயம் அந்தப் பெயருக்கு ஒத்துழைக்கவில்லை. இந்தக் கேலி என்னுடையதல்ல. டாக்டரிடம் அவரே சொன்னது.

அந்தக் காருக்கு அவர் கொச்சியிலிருந்து ஒரு கூம்பு ஃபில்டர் வாங்கி வந்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர், கம்பெனி கொடுத்தபடி ஒரு கருப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை மாட்டினால் காற்று தாராளமாகப் போகும், வண்டி பறக்கும் என்பது விற்றவன் வாக்கு. நான் எதிர்க்கட்சி. பெட்டி முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றைக் குழாய் வைத்து இழுக்கிறது. கூம்போ பானட்டுக்குள் எஞ்சின் சூட்டில் வெந்த காற்றைக் குடிக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுவது டர்போ, அது எவ்வளவு ஊதலாம் என்பதை முடிவு செய்வது வண்டியின் கம்ப்யூட்டர். அதைத் தொடாமல் வாயை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்?

"மூக்க அடைச்சிக்கிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியா மருமகளே?"

"மூக்கு பெருசா இருந்தா வேகமா ஓடலாம்னா, ஸ்கூல்ல நீங்கதான மாமா மொதல்ல வந்திருக்கணும்?"

மாமாவின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அவர் அதைத் தடவிக்கொண்டே, "மூக்கு மொதல்லதான் வந்துச்சு. நான் கடைசியா வந்தேன்" என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். பாலத்திலிருந்து கோயில் வரைக்கும் ஏற்றம். பெட்டியோடு ஒரு தடவை, கூம்போடு ஒரு தடவை. போனில் நேரம் பார்த்தது நான். கண்ணிமைக்கும் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் கூம்போடு ஏறும்போது, கால் அழுத்த அழுத்த முன்னாலிருந்து ஒரு பெரிய உறிஞ்சல். காலை எடுத்ததும் 'ப்ஷ்ஷ்' என்று ஒரு பெருமூச்சு. மாமாவின் முகம் முழுக்கப் பல்.

"வேகம் ஏறலையே மாமா."

"ஏறுச்சு. ஒன் போனுக்குத் தெரியல."

அன்று மாலையே பின்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினேன்: 'இந்த வண்டி சும்மா காத்து வாங்குது.' அவர் கிழிக்கவில்லை. கீழே 'ஓட்டுகிறவரும்தான்' என்று எழுதிச் சேர்த்து, மழையில் அது கரையும்வரை அப்படியே ஓட்டினார்.

மழைக்காலத்தில் நம் ஊர் வண்டிகள் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து காயும் அறையின் வெளிச்சுவரோரம். சுவர் எப்போதும் கதகதப்பு. காலையில் வண்டி அடம்பிடிக்காது. மாமாவும் காரை அங்கேதான் விட்டார். காயும் தேயிலையிலிருந்து பறக்கும் பழுப்புத் தும்பு ஜீப்பை ஒன்றும் செய்வதில்லை. எண்ணெய் தடவிய திறந்த கூம்புக்கு அது விருந்து. ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே சூடாக்கும்போதெல்லாம் கூம்பு தும்பை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டது. நம் ஊர் ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்தன்று மணமக்களோடு கிளம்பிய டர்போ, பாதி ஏற்றத்தில் இருமத் தொடங்கியது. சமையல் பாத்திரம் ஏற்றிய ஆட்டோ எங்களை முந்திக்கொண்டு போனது. உள்ளே அண்டாவைக் கட்டிப்பிடித்திருந்தவர் கையசைத்தார். பானட்டைத் திறந்தால், கூம்பு கோழிக்குஞ்சு மாதிரி மயிர் முளைத்து நிற்கிறது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்து இறங்கி வந்த ஸ்டெல்லா அக்கா, "ஆரோக்கியண்ணே, இது முட்ட போடுமா?" என்றார். மாமா கைக்குட்டையால் தும்பை வழித்துக்கொண்டே, "சிரி பிள்ள, சிரி. ஒன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கும் இதே வண்டிதான்" என்றார். மாப்பிள்ளை முகத்தில் அப்போதே கவலை தெரிந்தது.

போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவருடைய இதயம் மிகவும் சோர்ந்துவிட்டது. இனி ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது, சத்தமும் ஆகாது என்றார் டாக்டர். ஜீப் வேறொருவர் கைக்குப் போனது. எனக்கு அப்போதுதான் லைசன்ஸ் வந்திருந்தது. காரின் சாவியை என் கையில் வைத்து, "தெனமும் ஒரு தடவ கீழ போயிட்டு ஏறி வா. நான் படுத்துக்கிட்டே கேக்கேன்" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்து தீர்ப்பு வரும். "பள்ளிக்கூட வளைவுல பயந்துட்ட." "தண்ணித் தொட்டிகிட்ட ஏன் கால எடுத்த? பசுவா?" பசுதான். வண்டியின் மற்ற சத்தம் எதுவும் அவ்வளவு தூரம் எட்டாது. கூம்பின் உறிஞ்சல் எட்டும். அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மாமா இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதுவும் போனால் அவருக்கு மிஞ்சுவது தலைக்குமேல் இருக்கும் தகரக் கூரை மட்டும்தான்.

மாமாவின் மனைவி ரோஸ்லி அத்தை தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருக்கு அந்தச் சத்தம் ஆகாது. அது கேட்கும்போதெல்லாம் மாமாவின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். இதற்கிடையில், பதிவைப் புதுப்பிக்க வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. கேரளத்தில் ஒரு ஸ்டிக்கர் கூடுதலாக இருந்தாலே கேள்வி வரும். ஆகவே கம்பெனிச் சாமானை மாட்டிக்கொண்டு போவதும், முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்வதும் இங்கே வழக்கம். கழற்றிப் போட்டிருந்த கருப்புப் பெட்டிக்குள் அத்தையின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கொத்து வாங்கி மீட்டுக் கழுவி மாட்டினேன். கிளம்பும்போது அத்தை வாசலுக்கு வந்து மெல்லச் சொன்னார்: "முடிஞ்சாலும் மாத்தாத, ஜெனி. இப்படியே இருக்கட்டும். அவரு நெஞ்சு தாங்காது." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சாயங்காலம் வண்டி பூனை மாதிரி ஏறி வந்து வாசலில் நின்றது. உள்ளே போனால், மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டையில் ஒரு கையை நுழைத்திருந்தார். மறு கை சட்டையைத் தேடியது.

"நடந்தா வந்த? வண்டி எங்க கெடக்கு? ஒனக்கு அடி கிடி பட்டுச்சா?"

"வாசல்ல நிக்கி மாமா."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிவப்பு தெரிந்தது. சட்டையை மெதுவாகக் கழற்றி மடித்து வைத்தார்.

"நான் கேக்கவே இல்லயே" என்றார்.

 

அடுக்களையிலிருந்து அத்தை வந்தார். கையில் ஸ்பேனர். "இத வச்சித்தான கழட்டுவ? போ. சோறு அப்பறம் திங்கலாம்."

"சத்தம் ஆகாதுன்னு டாக்டரு சொன்னாரே, ரோஸ்லி?" என்றார் மாமா. குரலில் குறும்பு திரும்பியிருந்தது.

"டாக்டரு வந்தா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க படுங்க."

கூம்பை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கீழே போய் ஏறி வந்தேன். அன்று தீர்ப்பு எதுவும் இல்லை. கண்ணை மூடியபடி, "இப்ப வந்த" என்றார்.

அடக்கம் முடிந்ததிலிருந்து இளைஞர் குழுவில் ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறீர்கள்: கூம்பு மாட்டினால் பிரயோஜனம் உண்டா? வேகத்துக்கு என்றால் இல்லை. கம்பெனிப் பெட்டியே போதும். நல்ல டயரும் பிரேக்கும் போடுங்கள். மாமாவிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தால் என்னிடம் வாருங்கள். நானே மாட்டித் தருகிறேன்.

கார் அத்தையிடம் இருக்கிறது, கூம்பு கழற்றாமல். ஓட்டுவது நான்தான். மாமாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அந்தச் சத்தம் கேட்க மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏற்றத்தில் ஓட்டும் பழக்கம். வலது தோள் நனைந்துவிடுகிறது, அம்மா திட்டுகிறார். நேற்றும் அப்படித்தான் நனைந்து வந்து நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் அத்தை கதவைத் திறந்து, துண்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"கீழ பனி எறங்கிருச்சோ?" என்றார். "சத்தம் இன்னைக்குக் கனமா வருது."