சேகோ மில்லுக்கு வந்த சிலோன் அக்கா

உரித்த குச்சிக்கிழங்கு ஒன்று பறந்து வந்து மேஸ்திரியின் முழங்காலில் பட்டதுதான் சிலோன் அக்காவைப் பற்றிய என் முதல் நினைவு. ஆத்தூருக்கு வெளியே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில், மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பெண்களுக்கு வருகைப் பதிவு எழுதும் வேலை எனக்கு. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு காலை அக்கா புதிதாகச் சேர்ந்தாள். எல்லோரும் உரித்த கிழங்கை முன்னால் இருந்த தொட்டியில் போட, அவள் மட்டும் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினாள். முதுகில் கூடையைத் தொங்கவிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளிப் போட்டே பழகிய கை. "மன்னிச்சிக்கிங்க ஐயா, பின்னால கூடை இருக்குன்னு நெனச்சிட்டேன்" என்று பதறி எழுந்தாள். மேஸ்திரி ராசிபுரத்துக்காரர். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "கூடை இல்லீங்கம்மா, நான்தானுங்க இருக்கறேன்" என்றார். கொட்டகையே சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவள் அக்காதான்.

அந்தச் சிரிப்புக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. மில் டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். "இதுக்கா புள்ள நாங்க அட்டைக்கடி பட்டுக் கொழுந்து எடுத்தோம்?" என்பாள். மலையில் நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும், தங்களுக்குக் கடைசிச் சலிப்புத் தூசிதான் என்று அவளே இன்னொரு நாள் சொன்னாள். ஆனாலும் எங்கள் டீயைத் திட்டுவதை அவள் நிறுத்தவில்லை. வெயிலைப் பார்த்தால் பயந்துகொள்வாள். பங்குனி வெயிலில் எங்கள் ஊர்ப் பெண்கள் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டுக்கொண்டிருக்க, இவள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகையை விட்டு நகரமாட்டாள்.

அவள் பாட்டனின் தகப்பனார் தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர். பஞ்ச காலத்தில் வெள்ளைக்காரனின் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப்போனபோது கண்டி மலைக்குப் போனவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போனபிறகு, காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கேள்வி எழுந்தது. உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டன. சந்தையில் ஆட்டுக்குட்டியை ஓட்டிப்போகிறவன்கூடத் தாயையும் குட்டியையும் ஒரு தரம் பார்ப்பான். இவர்கள் காகிதத்தை மட்டும்தான் பார்த்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா செய்த காரியம் இதுதான். எந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடுவது என்று தோட்டமெல்லாம் குழம்பிக் கிடந்த சமயம், பதினேழு வயதான ஒரே மகளைத் தன் அண்ணன் மகனுக்கே அவசரமாகக் கட்டிக் கொடுத்தாள். முறைப்பையன். அண்ணன் குடும்பமும் தன் குடும்பமும் ஒரு முடிச்சுக்குள் வந்துவிட்டால், போனாலும் இருந்தாலும் சேர்ந்தே என்று நினைத்தாள். கல்யாணம் ஆன பெண்ணின் பெயர் புருஷன் வீட்டு மனுவில் ஏறும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்காவின் புருஷன் இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். அண்ணன் பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று சிலோனுக்கே எழுதிப்போட்டார். இரண்டு மனுவும் தேறின. மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கப்பலில் வந்து இறங்கிய சில வாரங்களில், மண்டபம் முகாமிலேயே அக்காவின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அவள் தனியாகப் பூர்வீக ஊரைத் தேடிப் போனாள். பங்கு கேட்க வந்திருப்பாளோ என்று சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம். இரண்டு வேளை சோறு போட்டு, "எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் எங்கள் மில்.

மகளுக்கான கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். உடம்பு, மழை, பேரப்பிள்ளை என்று எல்லாவற்றையும் கேட்பாள். ஒன்றை மட்டும் எழுதச் சொல்லமாட்டாள். ஒருநாள் வற்புறுத்தியபோது, "என் மேல கோவமான்னு எப்பிடிப் புள்ள கேக்கிறது? ஆமான்னு எழுதிட்டா?" என்றாள். நான் எத்தனையோ சமாதானம் சொன்னேன். மகளின் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லுக்கு என் வாய் எப்படி ஈடாகும்?

எண்பத்து மூன்றில் அங்கே கலவரம். ஐந்து மாதம் கடிதம் இல்லை. அக்கா உரித்துக்கொண்டே இருப்பாள். கத்தி விரலில் பட்டால்கூடத் தெரியாது. பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை எரித்துவிட்டார்கள், நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நாலு வரி வந்தது. கொஞ்ச காலத்தில் ராமேஸ்வரத்துக் கப்பலும் நின்றது. அமெரிக்கா யார் பக்கம், ரஷ்யா யாரோடு கூட்டு, திருகோணமலைத் துறைமுகம் யாருக்கு என்று டீக்கடை ஆண்கள் மேசையைத் தட்டிப் பேசுவார்கள். அக்கா எட்டி நின்று கேட்டுவிட்டு என்னிடம் வருவாள். "அந்தப் பேச்சில கப்பல் எப்ப ஓடும்னு யாராச்சும் சொன்னாங்களா புள்ள?"

கப்பல் ஓடவில்லை. எண்பதுகளின் கடைசியில் மகள் விமானத்தில் திருச்சி வந்து இறங்கினாள். ஒரு மாத விசா. இளம்பெண்ணாக விட்டு வந்த மகளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கேட்க நினைத்ததை அன்றும் கேட்கவில்லை.

இப்போது என் மகன் துபாயில் இருக்கிறான். நினைத்தால் வருகிறான், போகிறான். அவனுக்காக ஏதாவது விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது, உறவு என்ற கட்டத்தைக் கண்டால், அக்காவின் மகள் வந்து இறங்கிய மறுநாள் காலை நாங்கள் மூவரும் போன காவல் நிலையம்தான் எனக்கு நினைவுக்கு வரும். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாரத்தை நான் நிரப்பினேன். ஏட்டு வாங்கிப் படித்தார். கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"ஏம்மா, வெளிநாட்டவர்னு போட்டு, உறவு மகள்னு எழுதியிருக்கு. பெத்த பொண்ணை எதுக்கும்மா நாடு விட்டு நாடு கட்டிக் குடுத்தே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா என்னைப் பக்கத்து லயத்திலதாங்க ஐயா கட்டிக் குடுத்தாங்க. அடுப்பு ஊதினா அங்க கேக்கும். நாடு விட்டு நாடு அவங்க கட்டிக் குடுக்கலைங்க."

ஏட்டு முத்திரை குத்தினார். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.