குல்மார்க்கில் பனிச்சறுக்கு தெரியாதவன்

பனிச்சறுக்குக் கட்டையைத் தொடாமலே சறுக்கி விழுந்த ஒரே ஆம்பூர்க்காரன் நான்தான். அதுவும் ஓட்டல் வாசற்படியில், எங்கள் கம்பெனி லெதர் சோல் ஷூவோடு. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று நேற்றுத்தான் பீற்றிக்கொண்டேன்.

தன் சம்பளத்தில் எங்களைக் குல்மார்க் கூட்டிவந்த மகள், முதல் வேலையாகப் பனிச்சறுக்கை கேன்சல் செய்துவிட்டு எனக்கு வாடகை பூட்ஸ் எடுத்தாள்.

பணக்காரர்கள் வருகிற ஊர். சறுக்காதவன் என்னதான் செய்வது?

ரோப் கார் என்றாள். என் மனைவிக்கு உயரம் என்றால் தலைசுற்றும்.

மசாஜ் என்றாள். "அய்ய, யாரோ ஒருத்தர்கிட்ட முதுக காட்டவா?" இதுவும் மனைவிதான்.

ஆள் இழுக்கிற பனி வண்டி என்றாள். "அந்தாளு பாவம், நான் எழுபத்தஞ்சு கிலோ" என்றேன் நான்.

"வேற இன்னாதான் பண்ணுவீங்க? ரூம்ல டிவி பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டினு வந்தேன்? செம பேஜார்ப்பா உங்களோட!" அவள் குரல் உடைந்துவிட்டது.

"சும்மா நடக்கலாம் வா, பாப்பா."

"காலைல நடந்த லட்சணத்ததான் பாத்தேனே!"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். ஏழாம் வகுப்புக்குப் பிறகு தெருவில் என் கையைப் பிடிக்க வெட்கப்பட்டவள், கடைத்தெரு முழுக்க விடவில்லை. "மெதுவாப்பா, வழுக்கும்."

நாளைக்கும் இங்கேதான் இருக்கிறோம். சறுக்காமல் செய்ய வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் தோஸ்துங்களே.

சோல் ஒட்டியே வயதானவன் நான். அந்த வாடகை பூட்ஸ் எந்தப் பனியிலும் வழுக்காது என்று திருப்பிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.