மண்ணுக்குள் போன மான் கொம்பு

எங்கள் வீட்டில் ஒரு மான் கொம்பு இருந்தது. அழகுக்கு மாட்டி வைத்ததல்ல, மருந்துக்கு. ஒரு சாண் நீளம் இருக்கும். முனை தேய்ந்து மழுங்கி, பழைய சட்டைத் துணியில் சுற்றியபடி அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும். அதற்குச் சொந்தக்காரர் பெரியப்பா. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர் என்பதால் புதுப்பட்டினத்தில் எங்களோடேயே தங்கிவிட்டார். கண்கட்டி வந்தாலும் நெஞ்சு வலித்தாலும் சந்தனக் கல்லில் கொம்பை இழைத்துப் பற்றுப் போடுவார். எனக்கு வந்த கண்கட்டிகளெல்லாம் நாலே நாளில் போய்விட்டன. பற்றுப் போடாவிட்டாலும் நாலு நாளில் போயிருக்கும் என்பார் அப்பா, பெரியப்பா காதில் விழாதபடி.

மானைப் பற்றிப் பெரியப்பாவிடம் நிறையச் சரக்கு இருந்தது. வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்ததும் மான் மண்ணைத் தோண்டி அதைப் புதைத்துவிடுமாம்.

"மனுசன் கைக்கு மருந்து கெடச்சிடக் கூடாதுன்னு பொறாம. அதுக்கு இன்னா கொழுப்பு பாரு" என்பார்.

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, காட்டு விலங்குகளைப் பற்றிப் பேச எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். தந்தம், புலித்தோல் என்று சொல்லிக்கொண்டே போனவர், மான் கொம்பை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான், தானாக உதிர்ந்ததை எடுத்து வைத்திருந்தாலும் ஜெயில்தான் என்றார். அப்பாவுக்கு அரசாங்க வேலை. போலீஸ் வரும், வேலை போகும், நாங்கள் நடுத்தெருவுக்கு வருவோம் என்று பத்து வயதுச் சிறுமியின் மூளை அதற்குள் முடிவு கட்டிவிட்டது. அன்று சாயங்காலமே கொம்பைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குப் போய், முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தேன். மான் செய்கிற காரியத்தை நானும் செய்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கிக்கொண்டு வந்த பெரியப்பா, பையை வாசற்படியிலேயே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"மார அடைக்கிற மாரி கீது. அந்தக் கொம்ப எடும்மா" என்றார் அம்மாவிடம்.

அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா மேல்தட்டைத் துழாவினாள். பரணில் ஏறினாள், பெட்டியைக் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா என்று இரண்டு தடவை கெஞ்சினாள்.

"கொம்பு போட்டா அடங்கிடும். இங்கதான் எங்கனா இருக்கும், பாரு" என்றார் அவர்.

அவர் ஒவ்வோர் இடமாகச் சொல்லச் சொல்ல நாங்கள் தேடினோம். ஆம், நானும்தான் தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்து, இங்கே இல்லை என்று சொன்னேன். அது பொய்யில்லையே. கடைசியில் அம்மா ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அரை மணி நேரம் கடந்திருந்தது. போகும் வழியிலேயே பெரியப்பாவின் உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும், கொம்பு இருந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார் என்றே பேசிக்கொண்டார்கள். மருந்தைப் புதைத்து அவரைக் கொன்றது நான்தான் என்று நம்பினேன். பல வருஷம் சவுக்குத் தோப்புப் பக்கமே போகவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான், மான் கொம்பு வெறும் எலும்பு, அடைத்த நெஞ்சை அது திறக்காது என்று தெரிந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கம்கூட வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. உடனே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். எல்லாரும் சாமிக்கு நன்றி சொன்னார்கள். நான் பெரியப்பாவுக்காகக் கொம்பைத் தேடிய அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

கொம்பு வீட்டில் இல்லை, நான்தான் புதைத்தேன் என்று அன்று சொல்லியிருந்தால், அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு நேரே ஆட்டோவுக்கு ஓடியிருப்பாள். கொம்பைப் புதைத்ததற்காக அத்தனை வருஷம் அழுத அந்தச் சிறுமிக்கு, வாயைத் திறக்காமல் கூடவே தேடினோமே என்று ஒரு நாளும் அழத் தெரியவில்லை.