மாப்பிள்ளை சாப்பிட்ட நண்டு

ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் வரை நான் செய்ததெல்லாம் கட்டுப் போடுவது, ஆக்சிஜன் வைப்பது, டிரிப்ஸ் ஏற்றுவது, இவ்வளவுதான். இலவச ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் வந்த புதிது. எங்கள் வண்டி ராயபுரத்தில் நிற்கும். கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் பைக்கில் போய் விழுந்தவர்கள், வெயிலில் மயங்கியவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் என்று நாள் ஓடும். மருந்துப் பெட்டியில் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொரு ஷிப்டிலும் எண்ணி, தேதி பார்த்து, நிறம் பார்த்து வைப்பேன். உயிர் போகிற நேரத்தில் போடும் அட்ரினலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், பழுப்பு தட்டினால் தூக்கிப் போட வேண்டும். பார்த்துப் பார்த்து வைத்தேனே தவிர, அதை ஒருவருக்கும் போட்டதில்லை. பயிற்சியில் சாத்துக்குடிக்குப் போட்டதோடு சரி.

என்னோடு வண்டி ஓட்டியவரை எல்லோரும் பைலட் என்போம். எங்கள் வேலையில் டிரைவருக்கு அதுதான் பெயர். அதற்கு முன்பு துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர், ஆறாவது வரை படித்தவர், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எந்த ஊசியானாலும் ஒருவர் படித்ததை இன்னொருவரும் தனியாகப் படித்துச் சொன்ன பிறகே போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவருக்கும் அந்த வேலை உண்டு.

சேர்ந்த முதல் வாரத்தில் அதை ஒத்திகை பார்த்தோம். நான் ஒரு குப்பியை எடுத்து, "அட்ரினலின். ஏ, டி, ஆர்" என்றேன். அவரும் வாங்கிப் பார்த்து, "ஏ, டி, ஆர். சரியா கீது தங்கச்சி" என்றார். இரண்டு பேருக்கும் திருப்தி. பெட்டியில் திரும்ப வைக்கும்போதுதான் பார்க்கிறேன், என் கையில் இருந்தது அட்ரோபின். அது வேறு மருந்து, வேறு வேலைக்கு. அதே அளவு குப்பி, அதே போன்ற லேபிள். பைலட் அண்ணன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இதுலயும் ஏ டி ஆர்தான் கீது, அதுலயும் ஏ டி ஆர்தான் கீது?"

எழுத்து வேறுதான், ஒன்றில் D, இன்னொன்றில் T. ஆனால் நம் வாயில் இரண்டு 'டி'யும் ஒன்றுதானே. அவர் இரண்டு லேபிளிலும் விரலை ஓட்டினார். "இனிமே நாலாவது எழுத்த சொல்லு. அட்ரினலின்ல ஈ வருது, இதுல ஓ வருது. அத்த வெச்சி புடிச்சிக்கலாம்." முழுப் பெயரையும் படிப்பதை நாங்கள் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த நாலாவது எழுத்தை மட்டும் தனியாக, சத்தமாகக் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காசிமேட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண். "என் வூட்டுக்காரருக்கு மூஞ்சி வீங்கிகினே போவுது. மூச்சு வுட முடியல. சாப்ட்டு பத்து நிமிசம்தான் ஆச்சி." அழாமல், தெருப் பெயர், திருப்பம் எல்லாம் சரியாகச் சொன்னாள்.

சந்துக்குள் வண்டி போகவில்லை. பையையும் ஆக்சிஜனையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் வாழை இலை, உள்ளே கூடம் நிறைய ஆட்கள், நண்டுக் குழம்பு வாசனை. கல்யாணம் முடிந்த மறு வாரம் மாப்பிள்ளை விருந்து. பெண் வீட்டார் மீன்பிடிக் குடும்பம். மாப்பிள்ளை வியாசர்பாடிப் பையன், ரயில்வேயில் வேலை. பட்டுக்கரை வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு இரண்டும் வீங்கி, கண் இடுங்கி, கழுத்திலும் மார்பிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம். மாமியார் அவர் வாயில் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துடுங்கம்மா. தொண்டை வீங்கியிருக்கு, எதுவும் குடிக்கக் கொடுக்காதீங்க. என்ன சாப்ட்டார்?"

"இன்னாத்த துன்னாரு, நண்டுதாம்மா. காலைல வந்த நண்டு. நண்டு துன்னு எவனாச்சும் ஆசுபத்திரிக்குப் போயிகிறானா?" அந்த அம்மாவுக்குப் பயத்தைவிட ரோஷம் அதிகமாக இருந்தது. தன் சமையலைக் குறை சொன்னதாகவே நினைத்துவிட்டார்.

நாடியைப் பிடித்தேன். வேகமாக, நூல் மாதிரி ஓடியது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கூடத்திலேயே பாய் விரித்துப் படுக்கவைத்து, காலுக்கு அடியில் தலையணை அடுக்கினோம். தலையை மட்டும் மூச்சுக்காகக் கொஞ்சம் உயர்த்தி, ஆக்சிஜன் வைத்தேன். கட்டுப்பாட்டு அறை டாக்டரைப் போனில் பிடித்தேன். தடிப்பு, மூச்சு, அழுத்தம், சாப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அட்ரினலின், அரை மில்லி, தொடை சதையில. நரம்புல போடாத. திருப்பிச் சொல்லு."

"அட்ரினலின், அரை மில்லி, தொடை சதையில, நரம்புல இல்ல" என்றேன்.

குப்பியை எடுத்துப் படித்தேன், பைலட் அண்ணனிடம் நீட்டினேன். அவர் அத்தனை கூச்சலுக்கு நடுவில் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "நாலாவது?" என்றார்.

"ஈ."

"ஈ-தான். தேதி கீது. தண்ணி மாதிரி கீது. போடு."

ஒரு மில்லி ஊசியில் பாதி மட்டும் இழுத்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார். "இத்துணூண்டா? இவ்ளோ பெரிய ஆளுக்கு இது எந்த மூலைக்கும்மா?"

அடுத்த சிக்கல் மாப்பிள்ளை. தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும் என்றதும், பேசக்கூட முடியாமல் கிடந்த மனிதர் இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் மாமியார், சின்ன மாமியார்கள், மைத்துனிகள். அவருக்கு மானம் பெரிதாக இருந்தது. போனில் பேசிய புதுப்பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ், கைய எடுய்யா. எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். பைலட் அண்ணன்கூடத் திரும்பிவிட்டார். அவள் வேட்டியை விலக்க, நான் ஊசியை நேராக இறக்கி, மருந்தைச் செலுத்தி, இடத்தை அழுத்திப் பிடித்தேன். போட்ட நேரத்தை என் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மூச்சுத் திணறல் குறையவில்லை என்றால் இன்னொன்று போட வேண்டும்.

முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நிமிடம் போனது. பிறகு அந்த விசில் சத்தம் மெல்ல இறங்கியது. நாடி என் விரலில் பலமாகத் தட்டியது. நான்காவது நிமிடத்தில் மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்றார். அவர் கை நடுங்கியது.

"ஐயோ, இன்னா ஊசிம்மா போட்ட?" என்று மாமியார் பாய்ந்தார்.

"மருந்தோட வேலைம்மா அது. நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். மூச்சு பாருங்க, எப்படி வருதுன்னு."

அவர் குனிந்து மருமகன் மூக்கருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு அப்பாடா என்று உட்கார்ந்தார்.

இதற்கு முன்னால் இப்படி ஆகியிருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சின்ன வயசுல நண்டு துன்னா ஒதடு அரிக்கும். அதுக்கப்புறம் துன்னதில்ல."

"அப்ப ஏன்யா துன்ன?" என்றாள் அவள்.

"உங்கம்மா எடுத்து எடுத்து வெச்சாங்க. நண்டு ஒத்துக்காதுன்னு சொன்னா, இவன் இன்னாத்துக்கு நம்ம வூட்டு மாப்ளன்னு நெனப்பாங்களேன்னு..."

லவ் மேரேஜ். இந்த அம்மாவைச் சம்மதிக்கவைக்க இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. சுவரைப் பார்த்து நின்ற மைத்துனிகளில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாய தொறந்து சொல்றதுக்கு இன்னா நைனா" என்றார்.

நிம்மதி வந்ததும் அடுத்த சண்டை. மாப்பிள்ளைக்குத்தான் சரியாகிவிட்டதே, ஆஸ்பத்திரி எதற்கு, பாயசம் அப்படியே கீது என்றார் மாமியார். ஊசியின் வேலை தீர்ந்ததும் வீக்கம் திரும்ப வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம், ஒரு ராத்திரியாவது டாக்டர் கண்ணில் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையும் எழுந்து உட்காரப் பார்த்தார். நடக்கவே கூடாது என்று தோளை அழுத்தினேன். புதுப்பெண் அதற்குள் ஒரு பையில் மாற்றுத் துணி எடுத்து வைத்துவிட்டாள். "நான் கூட்டினு போறேன்" என்றாள். மாமியார் பாயசத்தை மூடி வைத்தார்.

பைலட் அண்ணன் வண்டியிலிருந்து ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவர, நான்கு மைத்துனர்கள் தூக்கினார்கள். தினமும் மீன் பெட்டி தூக்குகிற தோள்கள். "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே அந்தக் குறுகலான சந்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்தார்கள். சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மாப்பிள்ளை வெட்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். யாரோ அதைப் பார்த்துத் தப்பாக நினைத்து ஒப்பாரியை ஆரம்பிக்க, மைத்துனர் ஒருவர் துண்டைப் பிடுங்கி, "உசுரோட கீறாரு, உசுரோட கீறாரு" என்று கத்திக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் போட்ட மருந்து, போட்ட நேரம், அளவு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கையில் எழுதியிருந்ததைப் பார்த்து அங்கிருந்த டாக்டர் சிரித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து மிச்சமிருந்த குப்பிகளை எண்ணினேன். பைலட் அண்ணன் டீ வாங்கி வந்தார். இரண்டு பேரும் குடித்தோம். அப்புறம் மைத்துனிகள் சுவரைப் பார்த்து நின்றதை நினைத்து நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். "நானும்தான திரும்பி நின்னேன்" என்றார்.

சாயங்காலம் தடிப்பு ஒரு தடவை திரும்ப வந்ததாம். அங்கேயே இருந்ததால் உடனே பார்த்துவிட்டார்கள், மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இதை எனக்குச் சொன்னது அந்த மாமியார்தான். இரண்டு மாதம் கழித்து, டியூட்டி முடிந்து காலையில் மீன் வாங்கப் போனபோது கூடைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டாக்டரம்மா!"

நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் அதுதான். மாப்பிள்ளை வந்தால் இப்போது கோழிக் குழம்பாம். வேறு சட்டி, வேறு கரண்டி. மாப்பிள்ளையின் சட்டைப் பையில் 'நண்டு, இறால் ஆகாது' என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கிறதாம். அதைப் பெண் எழுதி வைத்திருக்கிறாள். மீன் மட்டும் சாப்பிடலாம் என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டதில் அந்த அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

பேசிக்கொண்டே இரண்டு பெரிய நண்டுகளை எடுத்துப் பையில் போட்டார். வேண்டாம் என்றேன். அவர் கை நின்றது. முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"உனுக்கு நண்டு ஒத்துக்கும் இல்ல? மறைக்காம சொல்லு."

ஒத்துக்கும் என்றேன். இன்னும் இரண்டைப் போட்டார்.